சின்சில்லா கிட்ட வர மறுக்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

வீட்டில் வளர்க்கும் சிறு கொறிக்கும் பிராணியான சின்சில்லா பழக மறுத்தால் கோளாறு அதன் சுபாவத்தில் இருப்பது அபூர்வம். கூண்டு வைத்த இடம், நீங்கள் போகும் நேரம், கை நுழையும் திசை, அறையின் சூடு, இவை எதுவும் இல்லையென்றால் உடம்பு. தேட வேண்டிய இடங்கள் இவ்வளவுதான். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் சரியாகக்கூடியது முதலில் வரும், மருத்துவச் செலவு வைப்பது கடைசியில்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து நாளாவது விட்டுப் பாருங்கள். கூண்டை நகர்த்தி, தீனியை மாற்றி, புதுப் பெட்டியும் வைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். கூண்டில் மாட்டிய வெப்பமானி ஒன்றும், கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

## எதற்கும் முன்னால் ஒரு நிமிடச் சோதனை

பயந்த சின்சில்லாவும் நோயில் விழுந்த சின்சில்லாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் மூலையில் முதுகைக் குறுக்கி உட்காரும், இரண்டும் கையைக் கண்டால் விலகும். பழக்கத் தொடங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

- புழுக்கை: காலையில் கூண்டெங்கும் இறைந்து கிடக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும் பிராணி இது. பருத்த அரிசி வடிவில், ஒரே அளவாக, உலர்ந்து இருந்தால் சரி. சிறுத்தோ, எண்ணிக்கை குறைந்தோ, ஈரமாக ஒட்டியோ இருந்தால் குடலில் கோளாறு.
- வைக்கோல்: நேற்று வைத்த டிமோதி வைக்கோல் (டிமோதி என்ற புல்லை உலர்த்தியது) கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருக்க வேண்டும்.
- தாடையும் முன்கால்களும்: முடி நனைந்து திரிதிரியாக இருந்தால் எச்சில் வடிகிறது. பல்லைச் சந்தேகியுங்கள்.
- காது: வெளிர் நிறமாக இருக்க வேண்டும். சிவந்து நரம்பு புடைத்துத் தெரிந்தால் உடம்பு சூடேறியிருக்கிறது.

12 மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை, புழுக்கை நின்றுவிட்டது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு காலை ஊன்றாமல் நடக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். முயல், கினிப்பன்றி போன்றவற்றை வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவராக இருப்பது முக்கியம். வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் சின்சில்லாவின் குடல் நுண்ணுயிர்களைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது.

## புதிதாக வந்தது, பெட்டியை விட்டுத் தலையே காட்டுவதில்லை

நீங்கள் பார்ப்பது பகலிலா? அப்படியென்றால் கோளாறே இல்லை. அந்தி சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்னும் நடமாடும் பிராணி இது. பிற்பகல் மூன்று மணிக்குத் தட்டி எழுப்பிப் பழக்க நினைத்தால் தூக்கத்தைக் கெடுக்கும் ஆள் என்றுதான் உங்களைப் பதிவு செய்துகொள்ளும்.

வந்து ஒரு வாரம் ஆகவில்லையா? முதல் மூன்று நாள் தீனி, தண்ணீர், வைக்கோல் மாற்றுவதைத் தவிரக் கூண்டுக்குள் கை விட வேண்டாம். அதன்பின் தினமும் இரவு ஒரே நேரத்தில் கூண்டருகே 15 நிமிடம் தரையில் உட்காருங்கள். புத்தகம் படியுங்கள், தாழ்ந்த குரலில் எதையாவது பேசுங்கள். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கு. இந்த நாட்களில் விருந்தாளிகளுக்குத் தூக்கிக் காட்டுவது, படம் எடுக்க ஒளி பாய்ச்சுவது எல்லாம் கணக்கில் கழியும்.

கூண்டு நிற்கும் இடம் சரியா? நான்கு பக்கமும் திறந்த இடத்தில் நிற்கும் கூண்டில் எந்தச் சின்சில்லாவும் நிம்மதியாக இருக்காது. பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சுவரோடு ஒட்டட்டும். அதன் நடமாட்டத் தட்டு உங்கள் மார்பு உயரத்தில் இருந்தால் நல்லது. தரையோடு தரையாக இருக்கும் கூண்டில் நீங்கள் எப்போதும் தலைக்கு மேலிருந்து குனியும் பூதம். கதவு திறந்து மூடும் வழி, தொலைக்காட்சிக்குப் பக்கம், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கம் மூன்றும் ஆகாது. மனிதருக்குக் கேட்கும் ஒலி ஏறக்குறைய எல்லாமே அதற்கும் கேட்கும், அதற்கு மேலும் கேட்கும்.

ஒளிய இடம் இருக்கிறதா? தைரியம் வரட்டும் என்று ஒளிவிடத்தை எடுத்துவிடுபவர்கள் உண்டு. பலன் நேர்மாறாகத்தான் இருக்கும். ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த பிராணிதான் வெளியே வந்து பார்க்கும். பெட்டியை எடுக்காதீர்கள், வாசல் இரண்டு உள்ளதாக மாற்றுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டிக்கு எதிரே உங்கள் கை இருந்தால் அதற்கு அது பொறி.

அறை சூடா? 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் அதற்குப் பிடித்தமானது. 25-ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம், காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால் அதற்கு முன்பே. சூட்டில் அது நடமாட்டத்தைக் குறைத்துக் குளிர்ந்த தரையில் படுத்துக்கிடக்கும். அதைக் கூச்சம் என்று நினைத்து மாதக்கணக்கில் பழக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வெப்பமானியை மேல்தட்டில் மாட்டுங்கள், கீழ்த்தட்டைவிட அங்கே சூடு அதிகம். ஒரு கருங்கல் பலகை வைப்பது உதவும். ஆனால் அறையே கொதித்தால் குளிர்சாதனம் தவிர வழியில்லை. மின்விசிறி போதாது, வியர்க்காத உடம்புக்குக் காற்று மட்டும் அடித்துப் பயனில்லை. காது சிவந்து, மூச்சிரைத்து, துவண்டு விழுந்தால் உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி மருத்துவரை அழையுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, மூன்று வாரம் கழித்தும் நீங்கள் இருக்கும்போது வெளியே வரவில்லை, ஆனால் இரவில் தின்று ஓடியாடுகிறது என்றால் பொறுமை ஒன்றுதான் மருந்து. கைமாறி வந்த பெரிய சின்சில்லாக்களுக்கு மாதங்கள் ஆகலாம்.

## கை உள்ளே போனதும் மேல்தட்டுக்குப் பாய்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கெடுப்பதும் சரிசெய்வதும் கைதான் என்பதால் இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கையின் வாசனை. நறுமண சோப்பு, கிரீம், பூனை அல்லது நாயைத் தடவிய கை எல்லாம் அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆள். மணமில்லாத சோப்பில் கழுவி, ஈரம் போக நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்து திசை. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குக் கழுகு. கை எப்போதும் பக்கவாட்டில், அதன் தாடைக்குக் கீழான உயரத்தில், உள்ளங்கை மேல்நோக்கி நுழையட்டும். மேல்கதவு மட்டுமே உள்ள கூண்டு என்றால் பழக்கும் வேலை இரண்டு மடங்கு. கூண்டை மாற்றுவது செலவுதான், ஆனாலும் இந்த ஒரு காரணத்துக்காக மாற்றலாம்.

அதன்பின் வழி. உங்கள் முழங்கை கூண்டுக் கதவை அடைத்து நிற்க, பிராணி பின்மூலையில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு மென்மையாக நீட்டினாலும் அது முற்றுகைதான். அது நிற்கும் தட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கையை வைத்து, மேலே போகும் வழியை எப்போதும் திறந்து விடுங்கள்.

இவற்றைத் திருத்திய பிறகும் ஓடுகிறதா? குச்சி முறைக்கு வாருங்கள். மருந்து தெளிக்காத, நன்றாக உலர்ந்த ஆப்பிள் மரக் குச்சி வேண்டும்.

1. 20 செ.மீ குச்சியின் ஒரு நுனியைப் பிடித்து மறு நுனியைக் கதவு வழியே நீட்டுங்கள். கை கூண்டுக்கு வெளியே இருக்கட்டும். முழங்கையைக் கதவின் விளிம்பிலோ உங்கள் முட்டியிலோ ஊன்றுங்கள். அந்தரத்தில் நிற்கும் கை இரண்டு நிமிடத்தில் நடுங்கும், நடுக்கம் குச்சி வழியே போகும்.
2. வந்து கொறித்தால் கொறிக்கட்டும். இழுக்கவோ ஆட்டவோ வேண்டாம். 10 நிமிடம் ஆனதும், அது போகாவிட்டாலும், குச்சியை அங்கேயே போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள்.
3. அடுத்தடுத்த இரண்டு இரவு பயப்படாமல் கொறித்தால் 15 செ.மீ, பிறகு 10, பிறகு 5 என்று குறையுங்கள். எந்த நீளத்தில் ஓடியதோ அதற்கு முந்தைய நீளத்துக்குத் திரும்பி மறுபடி இரண்டு இரவு.
4. 5 செ.மீ குச்சியில் அதன் மூக்கு விரலில் உரசும். அதன்பின் குச்சி இல்லாமல் வெறும் உள்ளங்கை.

வெறும் உள்ளங்கைக்கு முதலில் வருவது மீசை. கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று தோலில் ஊர்வது போல ஒரு கூச்சம். பிறகு மூக்கு. பிறகு முன்கால் ஒன்று விரல் நுனியைப் பற்றி அழுத்திப் பார்க்கும். இந்த இடத்தில் விரலை அசைத்துக் கூப்பிடும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இப்போது அதன் பின்கால்களைப் பாருங்கள். இரண்டும் தட்டில் அழுந்த ஊன்றியிருந்தால் உடம்பு முன்னால் நீண்டிருந்தாலும் மனசு ஓட்டத்தில் இருக்கிறது. பின்கால் ஒன்றாவது உங்கள் கையில் ஏறும்வரை தடவ முயல வேண்டாம். ஏறிய பிறகும் முதல் தடவல் தாடைக்கு அடியிலோ மார்புப் பக்கத்திலோ, ஒரே விரலால், இரண்டு நொடி. தலையும் முதுகும் பிறகு.

எல்லாம் செய்து எட்டு வாரம் கழித்தும் 20 செ.மீ குச்சியைத் தாண்டவில்லை என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக் கண், காது, பல் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. சரியாகப் பார்க்க முடியாத சின்சில்லா கையின் அசைவுக்கு எப்போதும் திடுக்கிடும்.

## தீனியை வாங்குகிறது, வாங்கியதும் ஓடிவிடுகிறது

இது கோளாறு அல்ல, நடுவழி. அதைத் தங்க வைக்க வேண்டுமானால் தூக்கிக்கொண்டு ஓட முடியாததைக் கொடுங்கள். முழு ஓட்ஸ் தட்டை ஒன்றைக் கொடுத்தால் வாயில் கவ்விக்கொண்டு மேல்தட்டுக்குப் போய்விடும். அதையே நொறுக்கி உள்ளங்கைக் குழியில் வைத்தால் நின்று நக்கித்தான் தின்ன வேண்டும். உலர்ந்த ரோஜாக் காயின் மேல் ஓட்டையும் இப்படி நொறுக்கலாம்.

நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் குடல் தாங்காது. திராட்சை, கொட்டை, விதை, பழத்துண்டு எதுவும் வேண்டாம். சர்க்கரையும் கொழுப்பும் செரிக்கும் வயிறு அல்ல இது. தீனியால் மட்டுமே பழக்குவது எங்கள் கணக்கில் குறுக்குவழி. தினசரி தீனியான பெல்லட்டிலிருந்தே (அரைத்து அழுத்திய சிறு உருண்டைத் தீனி) பத்து எடுத்துக் கையில் கொடுத்தால் வயிற்றுக்கும் கேடில்லை, பழக்கமும் வரும்.

## கையில் எதையும் வாங்கவே மறுக்கிறது

பெல்லட் கிண்ணம் எந்நேரமும் நிரம்பி வழிகிறதா? வளர்ந்த சின்சில்லாவுக்கு நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். மாலையில் அதை வைப்பதற்கு முன்பு பழக்கும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பட்டினி போடக் கூடாது: வைக்கோலும் தண்ணீரும் ஒரு நிமிடமும் இல்லாமல் இருக்கக் கூடாது.

இன்னொரு காரணம், அது என்னவென்றே அதற்குத் தெரியாதது. ஓட்ஸைப் பார்த்தே இராத சின்சில்லா அதை உணவாக எண்ணாது. இரண்டு மூன்று நாள் பெல்லட்டோடு ஒன்றைக் கலந்து வைத்து, தின்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையில் காட்டுங்கள்.

எடுத்துப் பார்த்து, வாயில் வைத்து, கீழே போட்டுவிடுகிறதா? அது வேறு. "பழகியது ஒதுங்குகிறது" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## கடிக்கிறது

எந்தக் கடி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

உதடு துடிக்க, நகத்தையும் சட்டை ஓரத்தையும் படபடவென்று கொறிப்பது. தன் கூட்டாளியின் முடியைக் கோதுவது போல உங்களைக் கோதுகிறது. விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு அழுத்தம், பிறகு விட்டுவிடுவது. இது தின்னும் பொருளா என்ற கேள்வி. கையில் உணவு வாசனை இருந்திருக்கும், அல்லது கம்பி இடுக்கு வழியே தீனி கொடுக்கும் பழக்கம் இருந்திருக்கும். கம்பி வழியே வருவதெல்லாம் தீனி என்று கற்றுக்கொண்ட சின்சில்லா விரலையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். தீனி இனிமேல் திறந்த கதவு வழியே, உள்ளங்கையில் மட்டும்.

பல் இறங்கி வலிக்கும் கடி. பயத்தின் கடைசிப் படி. கடிக்கு முந்தைய பத்து நொடியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்: பெட்டிக்குள் கை விட்டீர்களா, தூங்குவதை எழுப்பினீர்களா, மூலையில் நெருக்கினீர்களா? கடித்த நொடியில் கையை வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும், கடித்தால் கை போய்விடும் என்று அதுவும் கற்றுக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்து, விட்டதும் மெதுவாக எடுங்கள். மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, கத்துவது மூன்றும் ஒரு மாத உழைப்பை ஒரே இரவில் அழிக்கும். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆழமாக இருந்தால் உங்களுக்கான மருத்துவரிடம் போங்கள்.

பெண், சில வாரங்களுக்கு ஒருமுறை சில நாள் மட்டும். சினைப்பருவச் சுழற்சி ஏறக்குறைய 30 முதல் 50 நாளுக்கு ஒருமுறை வரும். நாட்காட்டியில் குறித்து வாருங்கள். தேதிகள் பொருந்தினால் அந்த நாட்களில் கையைக் குறைத்துக்கொள்வதுதான் மொத்தச் சிகிச்சையும்.

குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடி. அங்கே வலிக்கிறது. மருத்துவர் பார்க்கட்டும்.

## எழுந்து நின்று சிறுநீர் பீய்ச்சுகிறது, அல்லது குரைக்கிறது

பீய்ச்சுவதில் பெண்கள் கெட்டிக்காரிகள், குறியும் தப்பாது. பின்கால்களில் நிமிர்ந்து நின்று, உறுமல் போல ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் செய்யும். அந்த நிமிர்வைக் கண்டதுமே அரை அடி பின்வாங்கி, உங்கள் தலையைத் தாழ்த்துங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பீய்ச்சிய பிறகு கூச்சலிட்டு ஓடினால் ஆயுதம் பலித்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். துடைத்துக்கொண்டு அதே இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

குரைப்பது எச்சரிக்கை. நடுராத்திரியில் குரைத்தால் புதுச் சத்தம், நிழல், புது வாசனை ஏதோ ஒன்று இருக்கும். மங்கிய விளக்கைப் போட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால் போதும். சிறுநீரில் இரத்தம் கலந்திருந்தாலோ, சொட்டுச் சொட்டாக முக்கிப் போனாலோ அது கோபமல்ல, அன்றே மருத்துவரிடம் போக வேண்டியது.

## தூக்கப் போனால் முடி கொத்தாகக் கையோடு வருகிறது

பிடியிலிருந்து தப்ப முடியை உதறிவிட்டு ஓடுவது அதன் தற்காப்பு. உதிர்ந்த இடத்தில் தோல் வழுவழுப்பாக, சிவக்காமல் இருந்தால் மருந்து எதுவும் வேண்டாம், எண்ணெயும் களிம்பும் வேண்டவே வேண்டாம். சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் திரும்ப வளரும். ஆனால் முடி வந்தது என்றால் உங்கள் பிடி தவறு.

- விரல்களால் கிள்ளிப் பிடிக்கிறீர்கள். முழுக் கையும் அடியில் போக வேண்டும்: ஒரு கை மார்புக்குக் கீழ், மறு கை பின்பகுதியைத் தாங்கி.
- விலாவைச் சுற்றி இறுக்குகிறீர்கள். விலா எலும்புகள் மெல்லியவை, அந்த அழுத்தத்தில் மூச்சும் திணறும்.
- ஓடும்போது பின்னாலிருந்து பிடிக்கிறீர்கள். பின்னங்கால் எலும்பு குச்சிபோல மெலிது, முறிவது அங்கேதான். வால் நுனியையும் பிடிக்கக் கூடாது, தோல் உரிந்து வந்துவிடும்.
- நின்றுகொண்டு தூக்குகிறீர்கள். தரையில் உட்கார்ந்து தூக்கினால் துள்ளி விழுந்தாலும் ஒரு சாண் உயரம்தான்.

தானாகக் கையில் ஏறும் சின்சில்லாவை மட்டும் தூக்குங்கள். முதல் வாரம் தட்டிலிருந்து விரல் அகல உயரம், ஐந்து நொடி, கீழே. அது திமிறத் தொடங்கும் முன் விடுவதுதான் நுட்பம். திமிறிய பிறகு விட்டால் திமிறலுக்குப் பரிசு கொடுத்தது போல ஆகும். சில சின்சில்லாக்கள் ஆயுள் முழுக்க மடியில் உட்காராது, தோளில் ஏறி இறங்கும், காதைக் கொறிக்கும், அவ்வளவுதான். அதைத் திருத்த வேண்டிய பிழையாக நினைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

உதிர்ந்த இடத்தில் செதில், பொருக்கு, சிவப்பு இருந்தால், முக்கியமாக மூக்கு, காது, பாதத்தைச் சுற்றி, படர்தாமரையாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுக்கொண்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

## வெளியே விட்டால் திரும்பிக் கூண்டுக்கு வருவதில்லை

துரத்திப் பிடித்திருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தப் பட்டியலில் உள்ள வேறெந்தத் தவறையும்விட நீங்க நாளாகும் பயம் துரத்தலில் வருவது.

இடம் பெரிது என்பதுதான் சாதாரணமான காரணம். கழிப்பறை மூடியை மூடி, இரண்டு விரல் நுழையும் இடுக்குகளை அடைத்து, சோப்பும் வயரும் அகற்றிய குளியலறை ஆரம்பத்துக்குப் போதும். தரை உலர்ந்திருக்க வேண்டும். 15 நிமிடத்தில் தொடங்குங்கள், காது சிவந்தால் அதற்கு முன்பே முடியுங்கள். மாலைப் பெல்லட்டுக்கு முன்பு வெளியே விட்டால் உள்ளே வர அதற்கே ஒரு காரணம் இருக்கும்.

வெளியே விடத் தொடங்கும் முன் இரண்டு வாரம், ஒவ்வொரு முறை தீனி வைக்கும்போதும் பெல்லட் டப்பாவைக் குலுக்குங்கள். அந்தச் சத்தம் பழகிய பிறகு கூண்டுக்குள் டப்பாவைக் குலுக்கினால் பாதி வேலை முடியும்.

அப்படியும் வரவில்லையா? தூசிப் பெட்டியை வையுங்கள். மூடியுள்ள பெட்டியில், சின்சில்லா உருண்டு குளிப்பதற்கென்று உள்ள நுண்ணிய தூசியை இரண்டு மூன்று செ.மீ ஆழத்துக்குப் போட்டு அறை நடுவே வைத்தால் அதனால் உருளாமல் இருக்க முடியாது. உள்ளே போனதும் வாயை அட்டையால் மெதுவாக மறைத்து, பெட்டியோடு கூண்டுக்குள் வைத்து அட்டையை எடுங்கள். கை அதன்மேல் படவே இல்லை. தூசிக் குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, 10 முதல் 15 நிமிடம் போதும், மிஞ்சினால் தோல் வறண்டு கண் உறுத்தும். அதனால் மற்ற நாட்களில் காலிப் பெட்டியில் ஒரு பிடி வைக்கோலை வைத்து ஏமாற்றலாம். ஆற்றுமணல், டால்கம் பவுடர் கூடாது.

## தன் முடியைத் தானே கடித்துக்கொள்கிறது

விலாவிலும் பின்பக்கத்திலும் முடி கத்தரித்தது போலக் குட்டையாக இருக்கும். தலையிலும் கழுத்திலும் குட்டையாக இருந்தால் அது தன்னால் எட்டாத இடம், கூண்டில் உள்ள மற்றது கடிக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்துப் பாருங்கள்.

தனியாக இருந்தால் சலிப்பை முதலில் தீர்க்க வேண்டும்: கடிக்கக் குச்சிகள், ஏறி இறங்கத் தட்டுகள், 38 செ.மீக்குக் குறையாத, கம்பி இடைவெளியில்லாத ஓட்டச் சக்கரம். பிறகு அறையின் சூட்டையும் சத்தத்தையும் பாருங்கள். நான்கு வாரத்தில் புது முடி தெரியவில்லை என்றால் தோல் நோயா, வலியா என்று மருத்துவர்தான் சொல்ல முடியும்.

## நன்றாகப் பழகியது, இந்த வாரம் ஒதுங்குகிறது

பழகாத சின்சில்லாவுக்கு அவகாசம் கொடுக்கலாம். பழகியது மாறினால் கொடுக்கக் கூடாது.

வீட்டில் என்ன மாறியது என்று ஒரு நாள் யோசிக்கலாம்: புதுப் பிராணி, புது சோப்பு, நகர்த்திய கூண்டு, பக்கத்து அறையில் துளையிடும் வேலை. எதுவும் இல்லையென்றால் தராசை எடுங்கள். ஒரு பெட்டியை வைத்துப் பூஜ்யமாக்கி அதில் ஏறவிடுங்கள். வாரம் ஒருமுறை இப்படிக் குறித்து வைத்திருப்பவருக்கு இப்போது விடை தயாராக இருக்கும். 600 கிராம் இருந்தது 540 ஆகியிருந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, மேலும் யோசிக்க ஒன்றுமில்லை.

கடினமானதை எடுத்துக் கீழே போடுகிறது, வைக்கோலைத் தொடுவதில்லை, கண்ணில் நீர் வடிகிறது, தாடை ஈரம்: பல். முன்பற்கள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்சில்லாவின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கடைவாயில், வேரில் இருக்கும். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் முழுதும் தெரியும். இந்தப் பட்டியலில் அதிகச் செலவு வைப்பது இதுதான், திரும்பத் திரும்ப வருவதும் இதுதான்.

ஆண் சின்சில்லா அடிக்கடி குனிந்து தன் உறுப்பை நக்குகிறது என்றால் அதைச் சுற்றி முடி வளையம் இறுகியிருக்கலாம். இழுத்து எடுக்க முயலாமல் அன்றே காட்டுங்கள், மாதம் ஒருமுறை எப்படிச் சோதிப்பது என்பதையும் அங்கேயே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பெண் ஒதுங்கி, எடை மட்டும் ஏறுகிறது என்றால், அது ஆணோடு எப்போதாவது இருந்ததா என்று விசாரியுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 111 நாள், வாங்கி மூன்று மாதம் கழித்துக் குட்டி போடுவது நடக்கக்கூடியதுதான்.

## மருத்துவரிடம் போய் வந்ததிலிருந்து பழையபடி ஓடுகிறது

எதிர்பார்க்க வேண்டியதுதான். இரண்டு நாள் வெறுமனே அருகே உட்காருவதோடு நிறுத்தி, பிறகு 10 செ.மீ குச்சியிலிருந்து தொடங்குங்கள். முதல் முறையைவிட வேகமாகத் திரும்பும்.

ஊசிக்குழாயில் மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் அதைக் கூண்டருகே செய்யாதீர்கள். வேறு அறை, அதற்கென்று ஒரே ஒரு துண்டு, கொடுப்பவர் இன்னொருவராக இருந்தால் இன்னும் நல்லது. துண்டில் சுற்றி, கடைவாய்ப் பக்கமாகச் சிறிது சிறிதாக விட்டு, முடிந்ததும் கூண்டில் விட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள். உடனே தடவிச் சமாதானம் செய்யப் போனால் மருந்துக் கையும் தீனிக் கையும் ஒன்றாகிவிடும். ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியைக் கூண்டின் கீழ்த்தட்டில் கதவு திறந்தபடி, உள்ளே வைக்கோலோடு நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அடுத்த முறை பிடித்து அடைக்க வேண்டியிருக்காது, தூங்கிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்தினால் போதும்.